மாதக் கடைசியில் நாவல் கணக்கு: வாசகர் கேள்வி – பதில்

மாதா மாதம் முடித்த நாவல்களைத் திரும்பிப் பார்த்து எழுதும் பழக்கம் பற்றி வந்த கேள்விகள் இவை. எதைப் படிப்பது என்று கேட்டவர்கள் குறைவு. படித்ததை எப்படிப் பிடித்து வைப்பது என்று கேட்டவர்களே அதிகம். ஒரே மாதிரியான கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

மாதம் மூன்று நாலு நாவல் முடிக்கிறேன். முப்பதாம் தேதி நோட்டை எடுத்து உட்கார்ந்தால் கதைச் சுருக்கத்தைத் தவிர ஒன்றும் வருவதில்லை. முதல் வாரத்தில் முடித்த நாவல் என்றால் ஆட்களின் பெயர்கூட நினைவில் இல்லை. எப்படித்தான் எழுதுவது?
– வாசகி, ஈரோடு

முப்பதாம் தேதி உட்காருங்கள், தப்பில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக உட்காருகிறீர்கள், அதுதான் கோளாறு. ஒரு நாவலுக்கு இரண்டு குறிப்பு வேண்டும். ஒன்றை முடித்த அன்றே எழுதிவிட வேண்டும், தவறினால் மறுநாள் படுக்கப் போவதற்குள். இன்னொன்று மாதக் கடைசிக்கு. முதல் குறிப்பு நாவலில் என்ன இருந்தது என்று பிடித்து வைக்கும். இரண்டாவது, அதில் உங்களிடம் எது தங்கியது என்று காட்டிக்கொடுக்கும்.

இருநூறு பக்க நோட்டு ஒன்று போதும். நோட்டை விரித்தால் தெரியும் இரண்டு பக்கத்தையும் ஒரு நாவலுக்கு ஒதுக்குங்கள். இடது பக்கம் முடித்த அன்று எழுத. வலது பக்கம் மாதக் கடைசிவரை காலியாகக் கிடக்கட்டும். மாதம் நாலு நாவலுக்கு எட்டுப் பக்கம் என்றால் நோட்டு இரண்டு வருஷம் தாங்கும்.

இடது பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வரி எழுதினால் போதும். பெயர், ஆசிரியர், எந்தப் பதிப்பு, ஆரம்பித்த தேதி, முடித்த தேதி. கதையை மூன்று வாக்கியத்துக்குள் அடக்கிவிடுங்கள். பிறகு கதைக்குள் எத்தனை காலம் ஓடுகிறது என்று எழுதுங்கள். ஒரு பிற்பகலா, எட்டு நாளா, மூன்று தலைமுறையா? இதைப் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ ஒரே ஒரு ஜல்லிக்கட்டுப் பொழுதில் முடிந்துவிடுகிறது. கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ ஒரு ஊர் உருவான கதையையே சொல்கிறது. இரண்டும் அளவில் பெரிய நாவல்கள் இல்லை. ஆனால் காலத்தை எப்படிச் செலவழிக்கின்றன என்று பார்த்தால், இரண்டும் எதிரெதிர்த் திசையில் போவது உடனே பிடிபடும்.

அடுத்து, கதையைச் சொல்வது யார்? ‘நான்’ என்று ஒருவர் சொல்கிறாரா, ‘அவன்’ என்று வெளியிலிருந்து போகிறதா, நடுவில் மாறுகிறதா? அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ செகந்திராபாத்தில் வளரும் சந்திரசேகரனைச் சில பகுதிகளில் ‘நான்’ என்றும் சில பகுதிகளில் ‘அவன்’ என்றும் சொல்லிக்கொண்டு போகும். கதையின் வேகத்தில் இதைக் கவனிக்காமல் முடித்துவிடுபவர்கள் உண்டு. முடித்த அன்று கேட்டுக்கொண்டால் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிடலாம். மாதக் கடைசியில் அந்தப் புத்தகம் நூலகத்துக்குத் திரும்பிப் போயிருக்கும்.

கடைசியாக, புரியாமல் உறுத்திய ஒரு விஷயத்தைக் கேள்வியாக எழுதி வையுங்கள். பதில் தேட வேண்டாம். பூமணியின் ‘வெக்கை’க்கு இடது பக்கக் குறிப்பு இப்படி இருக்கலாம்:

“வெக்கை, பூமணி, முதல் பதிப்பு 1982. பதினைந்து வயசு சிதம்பரம் அண்ணனைக் கொன்றவனின் கையை வெட்டத்தான் போனான். ஆள் செத்துப்போகிறான். அப்பனும் மகனும் எட்டு நாள் தலைமறைவாக அலைந்து, கடைசியில் கோர்ட்டில் சரணடையக் கிளம்புகிறார்கள். கொலை ஆரம்பத்திலேயே முடிந்துவிட்டது. மீதிப் புத்தகமெல்லாம் எங்கே படுப்பது, எதைப் பொங்கித் தின்பது. சோறு பொங்கும் இடங்களில் பதற்றம் குறைய வேண்டும், எனக்குக் கூடுகிறது. ஏன்?”

மாதக் கடைசியில் இடது பக்கத்தை ஒரு தாளால் மூடிவிட்டு, நினைவிலிருந்து மட்டும் வலது பக்கத்தை எழுதுங்கள்:

“எத்தனை நாள் கதை என்று மறந்துவிட்டது, ஒரு மாதம்போல நிற்கிறது. வெட்டிய காட்சி மங்கிவிட்டது. அப்பனும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தின்பது அப்படியே இருக்கிறது. எந்த வேளையும் அவர்கள் சேர்ந்து தின்னும் கடைசி வேளையாக இருக்கலாம் என்று தெரிந்தே படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.”

இப்போது தாளை எடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். எட்டு நாள் ஏன் ஒரு மாதமாக வீங்கியது? இடது பக்கத்துக் கேள்விக்கு வலது பக்கத்தில் பதில் எப்படி வந்தது? நீங்கள் எழுத வேண்டிய மதிப்புரை அங்கே இருக்கிறது. கதைச் சுருக்கத்தை யாரும் எழுதலாம், பின்னட்டையிலேயே அச்சடித்திருப்பார்கள்.

ஒரு நாவலுக்கு இருபது நிமிஷம், நாலுக்கு எண்பது நிமிஷம், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு அரைமணி. ஒரு ஞாயிறு முற்பகலில் முடிந்துவிடும்.

சொதப்பும் இடங்களையும் சொல்லிவிடுகிறோம். இடது பக்கம் எழுதுவதற்கு முன் அடுத்த நாவலைத் திறக்காதீர்கள். இரண்டு அத்தியாயம் போனாலே பழைய நாவலின் ஆட்கள் புதியதன் வீட்டுக்குள் நடமாட ஆரம்பித்துவிடுவார்கள். பக்கத்துக்கு நாலு அடிக்கோடு போடுபவர்கள் கடைசியில் எந்தக் கோட்டையும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஐம்பது பக்கத்துக்கு ஒன்று என்று கட்டுப்படுத்திக்கொண்டால், 300 பக்க நாவலில் ஆறு இடம்தான் தேறும். அந்த ஆறையும் திரும்பப் படிக்க முடியும். ‘அருமை’, ‘நெகிழ்ச்சி’, ‘விறுவிறுப்பு’, இந்த மூன்று சொல்லும் நோட்டுக்குள் வரக்கூடாது. ஒரு வாக்கியத்தில் நாவலின் பெயரை எடுத்துவிட்டு வேறு நாவலின் பெயரைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் பொருந்தினால் அடித்துவிடுங்கள்.

சினிமா பார்த்துவிட்டு நாவலைப் படித்தேன். எழுதும்போது எது படத்தில் வந்தது, எது நாவலில் வந்தது என்று குழம்புகிறது.
– வாசகர், திருநெல்வேலி

நீங்கள் குறிப்பிட்டிருப்பதும் ‘வெக்கை’யைத்தான். 2019இல் வந்த ‘அசுரன்’ அதை அடிப்படையாகக் கொண்ட படம். படத்தில் பெரிய இடம் பிடிக்கும் அப்பாவின் இளமைக்காலக் கதை நாவலில் கிடையாது. நாவலை மகன் தாங்குகிறான், படத்தை அப்பா. இப்படிப் பார்த்த படத்தின் நாவலை எடுக்கும்போது, புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே ஒரு தாளில் படத்திலிருந்து நினைவிருக்கும் ஏழெட்டுக் காட்சிகளை எழுதிவிடுங்கள். படிக்கப் படிக்க, நாவலில் வந்த காட்சிக்கு நேரே ஒரு கோடு போடுங்கள். கோடு விழாமல் நிற்பது இயக்குநர் சேர்த்தது. நடிகரின் முகத்தை மட்டும் மண்டையிலிருந்து எடுக்க முடியாது. அதற்கு மருந்தில்லை.

நானும் நண்பரும் ஒரே நாவலை வேறு வேறு பதிப்பில் படிக்கிறோம். நான் சொல்லும் பக்கம் அவர் புத்தகத்தில் வேறாக இருக்கிறது. குறிப்பில் எதை எழுதுவது?
– வாசகர், மதுரை

அத்தியாய எண்ணை எழுதுங்கள். அளவு மாறினால், எழுத்துரு மாறினால், பக்கம் மாறிவிடும். கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை என்பதால் ‘பொன்னியின் செல்வ’னை எத்தனையோ பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன, ஒரே கட்டாகவும் ஐந்து தனித்தனிப் புத்தகங்களாகவும். “பக்கம் 412” என்றால் யாருக்கும் உதவாது. “மூன்றாம் பாகம், கொலை வாள், 12ஆம் அத்தியாயம்” என்றால் எந்தப் பதிப்பிலும் அகப்படும்.

அத்தியாய எண்ணே இல்லாத நாவல்களுக்குப் பக்கத்தை மொத்தப் பக்கத்தோடு சேர்த்து எழுதுங்கள். 212/340 என்று நீங்கள் எழுதினால், 408 பக்கப் பதிப்பு வைத்திருப்பவர் 212ஐ 340ஆல் வகுத்து 408ஆல் பெருக்குவார். 254ஆம் பக்கத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று பக்கம் தேடினால் கிடைத்துவிடும். ஒரு எச்சரிக்கை: ஒரு பதிப்பில் நாவல் 7ஆம் பக்கத்தில் தொடங்கும், இன்னொன்றில் மூன்று முன்னுரை தாண்டி 41இல் தொடங்கும். அந்தப் பக்கங்களைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும். மின்னூலில் தெரியும் சதவீதத்துக்கும் இதே கதைதான், அட்டை முதல் பின்னிணைப்புவரை எல்லாம் அதில் சேர்ந்திருக்கும்.

பதிப்பு விவரப் பக்கத்தையும் ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். மறு அச்சு என்றால் பழைய பிரதி அப்படியே. திருத்திய பதிப்பு என்றால் ஆசிரியரோ பதிப்பாசிரியரோ கை வைத்திருக்கிறார்கள். தொடராக வந்த நாவலாக இருந்தால் தொடர் தொடங்கிய ஆண்டு வேறு, புத்தகமான ஆண்டு வேறு. பி.ஆர். ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893இல் ‘விவேக சிந்தாமணி’யில் தொடங்கி 1896இல் புத்தகமானது. இரண்டையும் எழுதி வைத்தால், அத்தியாயங்கள் ஏன் ‘அடுத்து என்ன?’ என்று முடிகின்றன என்பதற்கும் விடை கிடைக்கும். தொடர்களை ஒரே மூச்சில் படிக்கும்போது அந்தக் கொக்கிகள் சலிப்பூட்டும். அதை ஆசிரியரின் குறையாக எழுதிவிடாதீர்கள். அவர் அடுத்த இதழ் வரும்வரை வாசகரைக் காக்கவைக்க எழுதியதை நீங்கள் பத்து நிமிஷத்தில் தாண்டுகிறீர்கள்.

வட்டார வழக்கு நாவல்களில் தடுக்கி விழுகிறேன். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி பார்த்தால் கதை ஓடவில்லை, பார்க்காவிட்டால் கதை புரியவில்லை.
– வாசகி, சென்னை

எல்லாச் சொல்லையும் ஒரே தட்டில் வைப்பதால் வரும் வினை. சாப்பாடு, பாத்திரம், செடிகொடிப் பெயர்களைத் தாண்டிப் போகலாம். கரிசல் நாவலில் ‘வெஞ்சனம்’ என்று வந்தால், சோற்றுக்குப் பக்கத்தில் வருவதை வைத்தே தொடுகறி என்று மூன்றாவது தடவை பிடிபட்டுவிடும். ‘படப்பு’ எரிந்தது என்றால், எரிந்தது வைக்கோல் போர் என்பதை அடுத்த பத்தி சொல்லிவிடும்.

உடனே பார்த்தாக வேண்டியவை இரண்டு வகை. முதலாவது உறவுமுறைச் சொற்கள். இங்கே தவறினால் கதையே தவறிவிடும். கொங்கு நாவலில் ‘அப்புச்சி’ என்றால் அம்மாவைப் பெற்றவர். செட்டிநாட்டு நகரத்தார் வீட்டில் ‘அப்பச்சி’ என்றால் அப்பா. ஓர் எழுத்து வித்தியாசத்தில் ஒரு தலைமுறை தள்ளிப்போகிறது. நெல்லைப் பக்கம் ‘ஆச்சி’ பாட்டி. நகரத்தாரிடம் அது பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல், வயது பார்த்து வருவதில்லை. ஈழத்து நாவல்களில் ‘கொம்மா’, ‘கொப்பர்’, ‘கொண்ணன்’ என்று வந்தால் அவை ஆட்களின் பெயரோ புதிய பாத்திரங்களோ இல்லை. உன் அம்மா, உன் அப்பா, உன் அண்ணன், அவ்வளவுதான். “அம்மா பேசினா” என்றால் திட்டினாள் என்று பொருள் வரக்கூடும், சாதாரணமாகப் பேசுவதற்கு ‘கதைப்பது’. “காணும்” என்றால் போதும். யாழ்ப்பாணத்துப் பந்தியில் ஒருவர் “காணும், காணும்” என்று கையை மறித்தால் எதையும் தேடச் சொல்லவில்லை.

இரண்டாவது வகை அளவுச் சொற்கள். தஞ்சைப் பக்கத்து நாவலில் நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. வேலி ஏறக்குறைய ஆறரை ஏக்கர். ஒருவருக்கு ‘மூணு மா’ என்றால் ஏக்கர் கணக்கில் ஒன்றுதான், ‘அஞ்சு வேலி’ என்றால் முப்பது ஏக்கருக்கு மேல். இது தெரியாவிட்டால், அந்த வீட்டுப் பெண்ணை ஏன் இந்த வீட்டுக்குத் தரமாட்டேன் என்கிறார்கள் என்பது விளங்காது. சரித்திர நாவல்களுக்கு நாழிகை: 24 நிமிஷம், நாளுக்கு அறுபது. ஏழரை நாழிகை சேர்ந்தது ஒரு யாமம், நம் கணக்கில் மூன்று மணி நேரம்.

எதில் பார்ப்பது? இன்றைய எழுத்துத் தமிழுக்கும் இலங்கை வழக்குக்கும் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. கரிசல் சொல்லுக்கு கி. ராஜநாராயணன் தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதி. பழஞ்சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் லெக்சிகன். மூன்றிலும் இல்லாத சொல் நிறைய உண்டு. அந்த ஊர்க்காரர் ஒருவர் போனில் கிடைத்தால் அகராதியைவிட வேகம்.

பார்த்த சொல்லைத் தனிப் பட்டியலாக எழுதாதீர்கள், இரண்டு மாதத்தில் அது மளிகைச் சீட்டுபோல ஆகிவிடும். சொல் வந்த வாக்கியத்தோடு சேர்த்து எழுதுங்கள்.

ஆயிரம் பக்க நாவல் ஒன்றை எடுத்தேன். மாதம் முடிந்தும் நாவல் முடியவில்லை. இந்த மாதக் கணக்கில் எழுதலாமா? பாதியில் விட்டவற்றையும் எழுத வேண்டுமா?
– வாசகர், நாகர்கோவில்

சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ (2008), பூமணியின் ‘அஞ்ஞாடி’ (2012) இரண்டும் ஆயிரம் பக்கத்தைத் தாண்டியவை. இந்த அளவு நாவலைத் தொடங்குமுன் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். கடிகாரம் வைத்து அரைமணி படித்து, எத்தனை பக்கம் போனது என்று எண்ணுங்கள். முதல் அத்தியாயத்தில் எண்ண வேண்டாம், அங்கே எல்லோருக்கும் வேகம் குறைவு. ஐம்பது பக்கம் தாண்டி எண்ணுங்கள். அரைமணிக்கு 25 பக்கம் என்றால் ஆயிரம் பக்கத்துக்கு இருபது மணி நேரம். தினம் முக்கால் மணி நேரம் ஒதுக்கினால் 27 நாள். நடுவில் ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல் வந்தால் அடுத்த மாதத்துக்குப் போய்விடும். போகட்டும். முப்பதாம் தேதிக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று கடைசி நூறு பக்கத்தைப் புரட்டித் தள்ளுவதுதான் இந்தப் பழக்கத்தால் வரும் பெரிய கெடுதல். பெரிய நாவல்கள் தொள்ளாயிரம் பக்கம் சேர்த்ததையெல்லாம் அந்த நூறு பக்கத்தில்தான் இறக்கி வைக்கும்.

முடியாத நாவலுக்கு மாதக் கடைசியில் இடது பக்கத்தில் மூன்றே வரி: யார் எங்கே நிற்கிறார்கள், எது நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன், எதை மறந்துவிட்டேன். மூன்றாவது வரிதான் அடுத்த மாதம் கைகொடுக்கும். “தாத்தாவின் தம்பி பெயர் நினைவில்லை” என்று எழுதியிருந்தால், தொடர்வதற்கு முன் அந்த ஒரு இடத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம், முதலிலிருந்து தொடங்க வேண்டாம்.

தலைமுறை நாவல்களுக்குப் புத்தக அடையாளத்தையே வம்சாவளித் தாளாக்கிவிடுங்கள். ஏ4 தாளை நீளவாக்கில் நாலாகக் கிழித்தால் ஐந்து சென்டிமீட்டர் அகலப் பட்டை நாலு கிடைக்கும். மூத்தவர் மேலே, பிள்ளைகள் கீழே, மருமகள்கள் பக்கவாட்டில். பெயரோடு ஒரு அடையாளம் சேர்த்து எழுதுங்கள்: “காது குத்தாதவர்”, “இரண்டாம் தாரம்”. பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கம் நாவலிலும் உண்டு, வெறும் பெயர் காப்பாற்றாது. நூலகப் புத்தகத்துக்கும் இந்தப் பட்டைதான் நல்லது. பென்சில் கோடு அடுத்தவர் கண்ணை உறுத்தும். ஒட்டுத்தாள் ஒட்டினால், பழைய தாளிலிருந்து பிய்க்கும்போது எழுத்தும் கூடவே வந்துவிடும்.

பாதியில் விட்டதை அவசியம் எழுதுங்கள், ஒரே வரியில்: எந்தப் பக்கத்தில், எதனால். “ஆட்கள் குழம்பினார்கள்” என்பது உங்கள் பக்கத்துக் கோளாறு, பட்டை போட்டு மறுபடி தொடங்கலாம். “நாயகன் எடுக்கும் எந்த முடிவுக்கும் காரணம் இல்லை” என்றால் அது நாவலின் கோளாறு. அதைத் தயங்காமல் எழுதலாம், ஆனால் நீங்கள் படித்தது எத்தனை பக்கம் என்று சொல்லிவிட்டு.

ரஷ்ய நாவல்களின் தமிழாக்கங்களில் ஒரே ஆளுக்கு நாலு பெயர் வருகிறது. மொழிபெயர்ப்பை எப்படி மதிப்பிடுவது?
– வாசகி, புதுச்சேரி

நாலு பெயரும் ஒரே சூத்திரத்தில் வருபவை. சொந்தப் பெயர், அப்பா பெயரிலிருந்து வரும் பெயர், குடும்பப் பெயர், இவை தவிர வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர். நம் இனிஷியல்போல நடுவில் அப்பா வருகிறார், ஆனால் அவர்கள் அதை முழுசாக வாய்விட்டுச் சொல்கிறார்கள். ஆணுக்கு ‘விச்’ என்றும் பெண்ணுக்கு ‘வ்னா’ என்றும் முடியும். தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாயகன் ரோடியன் ரொமானோவிச் ரஸ்கோல்னிகோவ். அம்மாவுக்கு அவன் ரோடியா. தங்கை அவ்தோத்யா ரொமானோவ்னா, வீட்டில் துனியா. ரொமானோவிச், ரொமானோவ்னா இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இருவரும் ரொமான் என்பவரின் பிள்ளைகள் என்று பெயரே சொல்லிவிடுகிறது. சோனியாவின் முழுப் பெயர் சோஃபியா செமியோனோவ்னா, அப்பா செமியோன்.

பட்டையில் மூன்று கட்டம் போட்டு, குடும்பப் பெயர், அப்பா பெயரோடு கூடிய பெயர், செல்லப் பெயர் என்று நிரப்புங்கள். எந்த இடத்தில் எதைச் சொல்கிறார்கள் என்று கவனித்தால் இன்னொரு லாபம் உண்டு. விசாரணை அதிகாரி போர்ஃபிரி அவனை “ரோடியன் ரொமானோவிச்” என்று மரியாதை குறையாமல் அழைத்துக்கொண்டேதான் நெருக்குகிறார். தமிழில் ‘நீங்க’ என்று சொல்லிக்கொண்டே கழுத்தைப் பிடிப்பதுபோல.

மொழிபெயர்ப்பை எடைபோடுமுன், எந்த மொழியிலிருந்து வந்தது என்று முதல் பக்கங்களில் பாருங்கள். தகழியின் ‘செம்மீ’னை சுந்தர ராமசாமி மலையாளத்திலிருந்து நேராகக் கொண்டுவந்தார். எம்.ஏ. சுசீலாவின் ‘குற்றமும் தண்டனையும்’ ஆங்கிலம் வழியாக வந்தது. வழி நீண்டால், நடையில் உறுத்தும் ஒரு இடம் ரஷ்ய மூலத்திலேயே இருந்ததா, நடுவில் முளைத்ததா, தமிழில் நேர்ந்ததா என்று உங்களால் சொல்ல முடியாது. ஆகவே “மொழிபெயர்ப்பு சரியில்லை” என்று எழுதாமல், உறுத்திய ஒரு வாக்கியத்தை அப்படியே எடுத்து எழுதுங்கள். அது தமிழாக நிற்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள். அது உங்கள் அதிகாரத்துக்குள் வரும் விஷயம்.

மார்க் போடலாமா? ஐந்துக்கு இத்தனை என்று?
– வாசகர், சேலம்

முடித்த அன்று போடாதீர்கள், அது நாவலின் கடைசி இருபது பக்கத்துக்கு விழும் மார்க். மாதக் கடைசியில் போட ஆசை இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு அனுப்பும்போது அதை அழித்துவிட்டு அனுப்புங்கள்.

முன்னுரையை முதலில் படிப்பதா, கடைசியிலா?
– வாசகர், தஞ்சாவூர்

கடைசியில். தமிழில் முன்னுரை என்ற பெயரில் எழுதப்படுபவற்றில் பாதி, நாவலை ஏற்கெனவே படித்தவர்களுக்கு எழுதியவை. யார் சாகிறார், யாரை மணக்கிறார் எல்லாம் இரண்டாம் பத்தியிலேயே வந்துவிடும். ஆசிரியரே எழுதிய அரைப் பக்க ‘என்னுரை’ என்றால் மட்டும் முதலில் பார்க்கலாம், அதில் பெரும்பாலும் நன்றிதான் இருக்கும். இடது பக்கக் குறிப்பை எழுதிய பிறகு முன்னுரையைத் திறந்தால், முன்னுரைக்காரரோடு சண்டை போடவும் உங்களிடம் சரக்கு இருக்கும்.

ஆறு பேர் சேர்ந்து மாதக் கடைசி ஞாயிறு கூடுகிறோம். ஒருவர் கதை சொல்ல ஆரம்பித்தால் நாற்பது நிமிஷம் போய்விடுகிறது.
– வாசகிகள், கோயம்புத்தூர்

நாலு நாவல் முடித்தவரும் ஒரு நாவலைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று முதலில் சட்டம் போடுங்கள். எட்டு நிமிஷம் பேச்சு, ஐந்து நிமிஷம் கேள்வி, ஆறு பேருக்கு 78 நிமிஷம். காப்பிக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் விட்டால் ஒன்றரை மணிக்குள் முடிந்தது. கதையை முதல் கால்பகுதிவரை மட்டும் சொல்லலாம். 320 பக்க நாவல் என்றால் 80ஆம் பக்கத்தில் நிறுத்திவிட வேண்டும். பிறகு ஒரு பத்தியை வாய்விட்டுப் படிக்கட்டும். எட்டு நிமிஷத்தில் இரண்டு நிமிஷத்தை அதற்குக் கொடுங்கள். கேட்பவர்கள் புத்தகத்தைக் கடன் கேட்பது கதையைக் கேட்டு அல்ல, அந்தப் பத்தியைக் கேட்டு.

கண் புரை காரணமாக இப்போது ஒலிநூலாகத்தான் கேட்கிறேன். நோட்டில் எழுதுவதும் சிரமம். இந்த முறை எனக்கு ஒத்துவருமா?
– மூத்த வாசகர், தூத்துக்குடி

ஒத்துவரும் ஐயா, எழுத்தை மட்டும் பேச்சாக மாற்றிக்கொள்ளுங்கள். நாவல் முடிந்ததும் போனில் குரல் பதிவைத் திறந்து, மேலே சொன்ன இடது பக்க விஷயங்களை மூன்று நிமிஷத்துக்குள் பேசிவிடுங்கள். பதிவின் தொடக்கத்திலேயே நாவலின் பெயரையும் தேதியையும் சொல்லுங்கள். பதிவுகள் சேர்ந்துபோனால், கோப்பின் பெயரைக் கண்ணால் தேடாமல் காதாலேயே கண்டுபிடிக்கலாம். மாதக் கடைசியில் அதைக் கேட்பதற்கு முன் இரண்டாவது பதிவைப் பேசுங்கள், அதன் பிறகு பழையதைக் கேளுங்கள்.

கேட்கும்போது வேகத்தைக் கூட்ட வேண்டாம், வட்டார வழக்கு உரையாடல்கள் ஒன்றேகால் வேகத்தில்கூட மழுங்கிவிடும். படுத்துக்கொண்டு கேட்பவராக இருந்தால் தூக்கத்துக்கான நிறுத்த நேரத்தை 20 நிமிஷத்துக்கு வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காலையில் மூன்று அத்தியாயம் முன்னே போயிருக்கும். ஒரு இடத்தைக் குறிக்க வேண்டுமென்றால் அத்தியாய எண்ணும் நிமிஷமும் போதும்: “ஒன்பதாவது, பதினாலாம் நிமிஷம்.” புத்தகம் வைத்திருக்கும் பேரனோ பேத்தியோ அந்த அத்தியாயத்தைத் தேடி எடுத்துப் படித்துக் காட்டுவார்கள்.